முழங்காலுக்குக் கீழே புல்

புல் போடுகிறவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. தோட்டக்காரர்களைச் சொல்லவில்லை, பாவம், அவர்கள் புல்லைப் புல்லுக்காகவே போடுகிறவர்கள். நான் சொல்வது, தனக்கு வராத ஒன்றை மறைக்க, வரும் ஒன்றை அதன் மேல் தாராளமாகக் கொட்டி, பார்ப்பவர் "அடேயப்பா" என்று சொல்லும்வரை பக்கத்திலேயே நிற்கிறவர்களை. ஓவியர்களில் இவர்களைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். படத்தில் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றால், வரைந்தவருக்கு விரல் வராது. எல்லாக் குதிரைகளும் ஆற்றைக் கடந்துகொண்டே இருந்தால், குளம்பு வராது.

நம்முடைய ஓவியருக்குப் பாதம் வராது.

கண் வரைந்தால் அது நம்மைத் திருப்பிப் பார்க்கும். கூந்தல் வரைந்தால் நமக்குச் சீப்பைத் தேடத் தோன்றும். கணுக்காலுக்குக் கீழே இறங்கினால் மட்டும் பென்சிலுக்குப் புத்தி பேதலித்து, பாதம் என்று தொடங்கியது உருளைக்கிழங்காக முடியும். அதற்காக மனிதர் சோர்ந்துபோனாரா? பன்னிரண்டு வருடம் பாடப்புத்தகங்களுக்குப் படம் போட்டுப் பெயர் வாங்கினார். அவர் படங்களில் பிள்ளைகள் மேசைக்குப் பின்னால் படித்தார்கள், வேலிக்குப் பின்னால் விளையாடினார்கள், மழை பெய்தால் சொல்லிவைத்தாற்போல் குட்டைக்குள் போய் நின்றார்கள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

அப்பேர்ப்பட்டவரிடம் பதிப்பகத்து அம்மாள் ஒரு படப்புத்தக வேலையைக் கொடுத்தார். அட்டையில் அவர் பெயர் வரப்போகிற முதல் புத்தகம். கதை யாருடையது? ஆண்கள் மட்டுமே ஓடிக்கொண்டிருந்த நெடுந்தூரப் பந்தயத்தில், "பொம்பளைக் காலு இவ்வளவு தூரம் தாங்காது" என்று வழிமறித்த அதிகாரிகளை ஒதுக்கித் தள்ளிவிட்டு ஓடி முடித்த முதல் பெண்மணியுடையது. அதுவும் வெறுங்காலோடு.

ஓவியர் மறுத்தாரா? இந்த இனம் மறுக்காது.

"செஞ்சிடலாம் மேடம்" என்றார்.

மூன்று மாதம் உழைத்தார். சிறுமி விடியற்காலையில் ஓடிப் பழகுகிறாள், இடுப்பளவு மூடுபனி. மைதானத்தில் ஓடுகிறாள், முழங்கால் உயரப் புல், ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக, நுனியில் பனித்துளியோடு. ஊருக்கு வெளியே ஓடுகிறாள். கதையில் எங்குமே இல்லாத ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வருகிறது. பந்தயத்தில் கடைசிக் கோட்டைத் தாண்டுகிற பக்கத்தில் என்ன செய்திருப்பார் என்கிறீர்கள்? புல்தான். நட்ட நடுத் தார்ச்சாலையில்.

மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "ஏங்க, இந்தப் பொண்ணு ஓடுதா, நீந்துதா?"

"அது சூழல். உனக்குப் புரியாது."

"தார் ரோட்டுல எப்பிடிங்க இவ்வளவு புல்லு மொளைக்கும்?"

"ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு" என்றார் ஓவியர், சாலையோரம் தானே வரைந்திருந்த நானூறு பேரையும் மறந்து.

கதைக்குரிய ஓட்டக்காரரே பார்த்துச் சரி என்றால்தான் புத்தகம் அச்சுக்குப் போகும் என்பது ஏற்பாடு. வந்தார். அறுபதை நெருங்கும் ஒல்லியான பெண்மணி. பதிப்பகத்து மேசையில் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"மூக்கு அப்பிடியே என் மூக்கு தம்பி. ஆடுகூட நல்லா இருக்கு."

ஓவியர் பூரித்துப்போனார். ஓட்டக்காரர் கடைசிப் படம்வரை போனார். மறுபடி முதல் படத்துக்கு வந்தார். தாளைத் தூக்கி அடியில் பார்த்தார்.

"தம்பி, என் காலு எங்க?"

"அது வந்துக்கா... வேகம். வேகத்துல காலு கண்ணுக்குத் தெரியாதில்லையா."

"இந்தப் படத்துல நான் போர்வையைப் போத்திக்கிட்டுத் தூங்கிட்டு இருக்கேனேப்பா."

"கனவுல ஓடுறீங்கக்கா."

பதிப்பகத்து அம்மாள் அப்போதுதான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாப் படங்களையும் மறுபடி பார்க்கத் தொடங்கினார். ஓவியருக்கு அட்டையிலிருந்து தன் பெயர் மெல்ல நழுவுவது தெரிந்தது.

ஓட்டக்காரர் கோபப்படவில்லை. "அன்னைக்கு அவங்க என் காலைப் பாத்துத்தான் வேணாம்னாங்க. நீயும் காலை விட்டுட்டு மிச்சத்தை மட்டும் எடுத்துக்கிட்டியேப்பா" என்றார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது ஓவியரை. இவ்வளவு நாள் தன்னை மறைத்துக்கொள்வதாகத்தான் நினைத்திருந்தார். இந்த அம்மாளை மறைத்திருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது. "எனக்குப் பாதம் வரைய வராதுக்கா. எப்பிடிப் போட்டாலும் உருளைக்கிழங்கு மாதிரி வந்துடுது" என்று, பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக, வாய்விட்டுச் சொன்னார்.

ஓட்டக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வலது பாதத்தைத் தூக்கி நாற்காலியின் மேல் வைத்தார். "வரை."

ஓவியர் வரைந்தார். நாற்காலியில் புல் முளைக்க வழியில்லை. வரைந்து முடித்ததைப் பார்க்கச் சகிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு தாளை நீட்டினார்.

"அட, அப்பிடியே இருக்கு!" என்றார் ஓட்டக்காரர். "இந்த எலும்புப் புடைப்பைக்கூட விடல பாரேன்!"

ஓவியர் கண்ணைத் திறந்து முதல் தடவையாக அந்தப் பாதத்தை உற்றுப் பார்த்தார். கட்டைவிரல் கோணிக்கொண்டிருந்தது, அடுத்த விரல் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது, பக்கவாட்டில் ஓர் எலும்புப் புடைப்பு, குதிகால் முழுக்க வெடிப்பு. நாற்பது வருட ஓட்டம் அந்தக் காலை எங்கே கொண்டுபோய் விட்டிருந்ததோ, அங்கேதான் நம் ஆளுடைய பென்சிலும் நின்றது. படங்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார். உருளைக்கிழங்குப் பாதங்களோடு புத்தகம் அச்சுக்குப் போயிற்று, அட்டையில் பெயரும் இருந்தது.

நல்லவேளை, நமக்குப் படம் வரைகிற வேலை இல்லை என்று நீங்கள் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பப் போகிறீர்கள். திருப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் போன வாரம் வீட்டில் ஒரு சண்டை நடந்ததே, அதற்கு மறுநாள் நீங்கள் யாரும் கேட்காமலே டீ போட்டு, பாத்திரமெல்லாம் கழுவி, ஏணி வைத்து ஏறி மின்விசிறியைக்கூடத் துடைத்தீர்களே, அது எதற்காக? மின்விசிறி பளபளவென்று இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். "தப்பு என்னோடதுதான்" என்கிற அந்த இரண்டு வார்த்தையை இன்னும் சொல்லவில்லை, இல்லையா?