கோணல் விளக்கும் உங்கள் மகளும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

என் முழங்கால் நீங்கலாக இங்கே அனைவரும் நலம். அங்கே சம்பந்தியம்மாளின் முதுகுவலி தேவலையா? இந்தக் கடிதம் உங்கள் மகளைப் பற்றியது. பதற வேண்டாம், குற்றவாளி நான்தான். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கிற கேமராவைத்தான் அவள் கம்பெனி செய்கிறது. அதன் படத்தில் இரைச்சல் எவ்வளவு என்று நம் வீட்டு அறையில் வைத்தே அளக்கிறாள். இரைச்சல் என்றால் சத்தமில்லை. வெறும் வெள்ளை அட்டையைப் படமெடுத்தாலும் புள்ளிகள் இலேசாக நடுங்குமே, அது. கேமரா நல்ல கேமரா, படத்தை எண்ணாக மாற்றுகிற கார்டுதான் அரதப்பழசு. கறுப்பிலிருந்து வெள்ளை வரை மொத்தம் இருநூற்றைம்பத்தாறு படிதான் அதற்குத் தெரியும். படியின் நடுவில் நிற்பவன் தள்ளாடினாலும் அதே படியில்தானே இருப்பான்? விளிம்பில் நிற்பவன்தான் மேலும் கீழும் மாறுவான். அதனால் உங்கள் மகள் விளக்கைச் சாய்த்து வைத்தாள். அட்டையில் வெளிச்சம் மெள்ள மெள்ளக் குறையும், ஒவ்வொரு படிக்கும் விளிம்பு கிடைக்கும், அங்கே மாறுகிற புள்ளிகளை எண்ணி நடுக்கத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். என்ன மூளை பாருங்கள்!

இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. திங்கட்கிழமை காலை எட்டிப் பார்த்தேன், அவள் இல்லை, விளக்கு கோணல். முப்பத்தோரு வருஷம் கட்டட வேலையை மேற்பார்த்து ரசமட்டம் பிடித்த கை சும்மா இருக்குமா? மட்டம் வைத்து நிமிர்த்திவிட்டு, திருப்தியாகக் காப்பி குடிக்கப் போனேன்.

அட்டை முழுக்க ஒரே வெளிச்சம், எல்லாப் புள்ளியும் ஒரே படியின் நடுவில், விளிம்பே இல்லை. மத்தியானம் பார்த்தால் இரைச்சல் பூஜ்யம்! மேனேஜர் போனிலேயே துள்ளுகிறார். "பூஜ்யம்னே எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடும்மா, ஆர்டர் நமக்குத்தான்!" அந்த ஆர்டர் வராவிட்டால் கம்பெனியை மூடிவிடுவார்கள், இவள் வேலையும் போய்விடும். இவள் அசைந்தாளா? "சார், இரைச்சல் இல்லேன்னு அர்த்தமில்ல. நம்ம கார்டுக்குக் கண்ணு தெரியலேன்னு அர்த்தம். இந்தப் படத்தை நம்பித்தான் ஒரு டாக்டர் முடிவெடுப்பாரு. நான் எழுத மாட்டேன்." எனக்குப் புல்லரித்துப் போச்சு சம்பந்தி. திரும்ப விளக்கைச் சாய்த்து, முந்நூறு படத்தையும் முதலிலிருந்து எடுத்து, உள்ள எண்ணை உள்ளபடி எழுதி அனுப்பினாள். இன்று பதில் வந்தது. பூஜ்யம் என்று எழுதிய மற்ற இரண்டு கம்பெனிகளையும் நம்ப முடியாதென்று தள்ளிவிட்டார்களாம், ஆர்டர் இவளுக்கு! இப்படி ஒரு பெண்ணை எங்கள் வீட்டுக்குக் கொடுத்தீர்களே.

நிமிர்த்தியது நான் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். ஜன்னல் காற்று என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இனி அந்த அறைப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன்.

சம்பந்தியம்மாளுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, உங்களுக்கு இரண்டும்.

இப்படிக்கு,
ரசமட்டத்தைப் பரண்மேல் போட்டுவிட்ட
உங்கள் சம்பந்தி

பி.கு.: தபால்தலை கேட்கப் போனேன், உங்கள் மகள் சிரிக்கிறாள். நான் விளக்கை நிமிர்த்தியபோது கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். நாற்பத்திரண்டாவது படத்தில் நானும் ரசமட்டமும் இருக்கிறோமாம். அன்றைக்கே பார்த்துவிட்டாளாம். "காத்துக்கு வழுக்கை இருக்குமா மாமா?" என்கிறாள். அந்த வழுக்கையில் உச்சியிலிருந்து காதுவரை வெளிச்சம் குறைகிற அழகு அட்டையில்கூட வராதாம். அடுத்த கேமராவுக்காக நாளை பத்து மணிக்கு அந்த அறையில் அசையாமல் உட்கார வேண்டுமாம். தலையை எந்தப் பக்கம் சாய்க்கணும் என்று கேட்டேன். "நிமிர்ந்தே இருங்க மாமா, உங்களுக்கு அதுதானே வரும்."