மொட்டை மாத்திரையும் புல்லட் சாவியும்

நஞ்சப்பன் ஒரு காலை வேளையில், வாயெல்லாம் பல்பொடி நுரையோடு, ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். பெண்டாட்டியை ஏமாற்றிவிடுவது.

இது என்ன பெரிய முடிவு, திருப்பூரில் பாதிப் பேர் தினம் செய்கிற காரியம்தானே என்று நினைக்கலாம். அந்தப் பாதிப் பேருக்குச் செல்லாத்தாள் பெண்டாட்டி இல்லை. மூடியிருக்கிற முறுக்கு டப்பாவை எட்ட நின்று பார்த்தே, உள்ளே எவ்வளவு குறைகிறது, எடுத்தது யார், எடுத்த கை வலதா இடதா என்று சொல்லிவிடுகிற பெண்பிள்ளை அவள். அவளுக்குப் பயந்து அந்த வீட்டு எலிகள் பக்கத்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு, தூங்க மட்டும் இங்கே வரும்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு சாவி. புல்லட் சாவி.

நஞ்சப்பன் பனியன் கம்பெனி முதலாளி. புல்லட் வாங்கி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பக்கத்து ஊரான மங்கலம் வரைக்கும் போய் வந்தது ஒரே ஒரு தடவை. அடுத்த வாரமே கம்பெனியில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே நூல் மூட்டை மேல் சாய்ந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. ஊருக்கெல்லாம் பனியன் ஃபிட்டாக இருக்கிறதா என்று பார்க்கிற மனிதனுக்கே ஃபிட்ஸ்!

டாக்டர் மருதாசலம் கண்டிப்பான ஆள். "தினம் சாயங்காலம் சாப்பிட்டதும் இந்த மாத்திரை. ஒரு நாள்கூடத் தப்பக்கூடாது. ஒரு வருஷம் முழுசா வலிப்பு வராம இருந்தா வண்டி ஓட்டலாம். அது வரைக்கும் தொடக்கூடாது" என்றார். சொன்னதோடு விட்டாரா? சாவியை நஞ்சப்பனிடமிருந்து வாங்கிச் செல்லாத்தாள் கையில் கொடுத்துவிட்டார். அவள் அதை இடுப்புச் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் எந்தப் பக்கம் நடந்தாலும் நஞ்சப்பனின் கண் அவள் இடுப்பிலேயே இருந்தது. "கல்யாணமாகி இத்தனை வருசம் கழிச்சும் பாருங்களேன்!" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். அவர் விட்டது வேறு மூச்சு. தினம் காலையில் கொட்டகைக்குப் போவார். வண்டி மேல் போர்த்திய பனியன் துணியை விலக்குவார். ஏறி உட்கார்ந்து 'டுபுடுபுடுபு' என்று வாயாலேயே ஓட்டுவார். சில நாளில் கோழிகள் வழிவிடக் கற்றுக்கொண்டன. ஒரு சேவல் மட்டும் பின்சீட்டில் ஏறிக்கொண்டது.

தைப் பொங்கல் நோம்பிக்கு வருஷம் முடிகிறது, சாவி கைக்கு வந்துவிடும். பொறுமையாக இருந்திருக்கலாம். ஆனால் ஐப்பசியில் நூல் வாங்கக் கோயமுத்தூர் போனவர், ஒரு மொத்த மருந்துக் கடையில் டாக்டர் சீட்டைக் காட்டி விசாரித்தார். கடைக்காரர் ஒரு தகர டப்பாவை எடுத்து வைத்தார். இவர் தினம் சாப்பிடுகிற சிவப்பு லேபிள் மாத்திரையில் இருக்கிற அதே மருந்து, அதே அளவு. பேர் போன கம்பெனி இல்லை, பளபள லேபிள் இல்லை, விலையும் இல்லை என்கிற மாதிரி ஒரு விலை. பேர் போடாத கடிதாசி மொட்டைக் கடிதாசி என்றால் இது மொட்டை மாத்திரை!

நஞ்சப்பனுக்கு ஞானம் பிறந்தது. அவர் கம்பெனியில் ஒரே பனியனுக்கு இரண்டு லேபிள். 'ரெட்டைத் தேர்' தைத்தால் மதுரைக் கடைக்குப் போகும். 'வெள்ளைக் கொக்கு' தைத்தால் வாரச் சந்தைக்குப் போகும். தேர்க்காரன் பெருமைப்படுவான், கொக்குக்காரன் மிச்சம் பிடிப்பான். இரண்டு பேருக்கும் வேர்க்கிறது ஒரே மாதிரிதான்.

வீட்டுக்கு வந்ததும் மெல்ல ஆரம்பித்தார்.

"ஏம்புள்ள, லேபிளுக்குக் காசு குடுக்கறவன் பைத்தியக்காரன்."

"ஆமாங்க. அந்தப் பைத்தியக்காரங்க புண்ணியத்துலதான் நம்ம ஊட்டுல அடுப்பு எரியுது."

"நான் மாத்திரையைச் சொல்றேன். சிவப்பு லேபிளும் ஒண்ணுதான், லேபிள் இல்லாததும் ஒண்ணுதான்."

"இருக்குமுங்க. டாக்டருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்திக்கலாமுங்க."

"லேபிளைப் பத்தி எனக்கு டாக்டரு சொல்லோணுமா? லேபிள்லயே பொறந்து லேபிள்லயே வளந்தவன் நானு!"

"அதனாலதானுங்க உள்ள என்ன இருக்குதுன்னு இன்னும் தெரியல."

மறுநாள் பல் விளக்கும்போதுதான் அந்த மாபெரும் முடிவு. யாருக்கும் தெரியாமல் மொட்டை மாத்திரைக்கு மாறிவிட வேண்டும். தை பிறந்து சாவி வாங்குகிற அன்றைக்கு, டாக்டரையும் செல்லாத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்து, விஷயத்தைப் போட்டு உடைக்க வேண்டும்.

செல்லாத்தாள் எருமையிடம் பால் கறக்கப் போன நேரம். அலமாரியைத் திறந்து சிவப்பு லேபிள் பாட்டிலை எடுத்தார். அடியில் கிடந்த கொஞ்சத்தை மடியில் கட்டிக்கொண்டார். மொட்டை மாத்திரையைக் கழுத்து வரைக்கும் கொட்டி மூடினார். இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம். இருபது வருஷமாக லேபிள் மாற்றிய கை. துளிகூட நடுங்கவில்லை.

சாயங்காலம் சாப்பாடு முடிந்தது. செல்லாத்தாள் மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றாள்.

"ஏனுங்க, மாத்திரையைப் பாத்து எதுக்குச் சிரிக்கறீங்க?"

"சிரிக்கல. ருசி நல்லாருக்குது."

"வாயில போடறதுக்கு முன்னாலயேவுங்களா?"

விழுங்கினார். தினம் விழுங்கினார். பாட்டில் குறையக் குறைய நிரப்பினார். வலிப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நஞ்சப்பன் நடையில் ஒரு மிதப்பு வந்தது. கண்ணாடி முன்னால் நின்று தனக்குத் தானே வணக்கம் சொல்லிக்கொண்டார். கண்ணாடியில் இருந்தவரும் மரியாதையாகத் திருப்பிச் சொன்னார்.

மார்கழியில் கம்பெனியில் ஒரு கலவரம். நிட்டிங் மிஷின் ஓட்டுகிற சுப்பையன், ஒரு ரோல் துணி பாதி ஓடும்போது நூல் தீர்ந்துபோக, வேறு மில் நூலை எடுத்து மாட்டிவிட்டான். தைக்கும்போது ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. துவைத்துக் காயப்போட்டதும் பனியனின் மேல்பாதி ஆளுக்கும் கீழ்ப்பாதி ஆட்டுக்குட்டிக்கும் அளவெடுத்த மாதிரி ஆகிவிட்டது.

"ரெண்டும் நாப்பதாம் நம்பர் நூலுதானுங்க மொதலாளி" என்றான் சுப்பையன்.

நஞ்சப்பன் போட்ட சத்தத்தில் தறியில் பாவு நூல் தானாக அறுந்ததாகப் பல மைல் தள்ளியிருக்கிற சாமளாபுரம் தறிக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். "நம்பரு ஒண்ணுன்னா மில்லும் ஒண்ணாடா? மில்லுக்கு மில்லு முறுக்கு வேற! காஞ்சு கெடக்கறப்பத் தெரியாது, நனைஞ்சாத்தான் தெரியும். நூலை மாத்தவே வேண்டாம்னு நான் சொல்லல. மாத்தறதுன்னா எங்கிட்டச் சொல்லோணும். ரோலு முடிஞ்ச பொறவு மாத்தோணும். மாத்துனதைத் துவைச்சுப் பாக்கோணும். மறுக்கா மறுக்காப் பழைய நூலுக்குத் தாவக்கூடாது. பாதிப் பனியன்ல கை வெக்கற சோலி மட்டும் ஆகவே ஆகாது!"

மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த செல்லாத்தாள் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, ரெண்டும் ஒரே நம்பருதானுங்களே? அப்பறம் என்னுங்க?"

"உனக்கென்ன புள்ள தெரியும் இதெல்லாம்?"

"நல்லாச் சொன்னீங்க. இன்னொருக்காச் சொல்லுங்க, மனசுல வெச்சுக்கறேன்."

பெண்டாட்டி புத்தி கேட்டால் எந்தப் புருஷன் சொல்லாமல் இருப்பான்? நஞ்சப்பன் முதலிலிருந்து கடைசி வரை, விரல் மடக்கி, மறுபடியும் சொன்னார்.

தை பிறந்தது. நோம்பி கழிந்த கையோடு இரண்டு பேரும் குதிரை வண்டி பிடித்து டாக்டர் வீட்டுக்குப் போனார்கள். டாக்டர் மருதாசலம் முட்டியில் தட்டிப் பார்த்தார். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். நடக்கச் சொல்லிப் பார்த்தார்.

"வருஷம் முடிஞ்சுது. வலிப்பு ஒண்ணும் வரலையே?"

"வரலீங்க" என்றாள் செல்லாத்தாள்.

"அப்ப சாவியைக் குடுத்திரலாம்மா."

சாவி கொத்திலிருந்து கழன்றது. புத்தியுள்ள மனுஷன் அதை வாங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியிருப்பான். நஞ்சப்பன் எழுந்து நின்று மேடைப் பேச்சாளர் மாதிரி தொண்டையைச் செருமினார்.

"டாக்டரு, ஐப்பசியிலிருந்து நான் சிவப்பு லேபிளைத் தொடவே இல்லீங்க! மொட்டை மாத்திரைதான்! இவளுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, என்ற ஒடம்புக்கே தெரியாது!" என்று தகர டப்பாவை மேஜை மேல் டங்கென்று வைத்தார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"மருந்து ஒண்ணுதானுங்களே?"

"மருந்து ஒண்ணுதான். யார் இல்லைன்னா? ஆனா சேர்க்கிற மாவு வேற, இறுக்கம் வேற. வயித்துல கரையறது கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். மத்த வியாதிக்கு அந்தக் கொஞ்சம் பெரிசில்லை. வலிப்புக்கு அதுவே பெரிசு. குறைஞ்சா வலிப்பு வந்திரும், கூடினா தலை சுத்தித் தள்ளாடும். மாத்தறதுன்னா எனக்குத் தெரிஞ்சு மாத்தணும். மாத்தினா அதுலயே நிக்கணும். இன்னைக்கு அது, நாளைக்கு இதுன்னு தாவக்கூடாது. கொஞ்ச மாசம் கூட இருக்கறவங்க கவனிச்சுப் பார்க்கணும். அந்த மாசமெல்லாம் வண்டி கூடாது."

"அப்ப... சாவிங்க?"

"நீங்க திருட்டுத்தனமா மாத்துனதை யார் கவனிச்சாங்க? இன்னையிலிருந்து மறுபடியும் பார்ப்போம்."

சாவி கொத்துக்குத் திரும்பியது. நஞ்சப்பன் முகம் முதல் துவைப்பிலேயே சுருங்கிய பனியன் மாதிரி ஆயிற்று.

செல்லாத்தாள் கைப்பையிலிருந்து ஒரு காபிப்பொடி டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். திறந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று மாத்திரை.

"டாக்டரு, என்ற ஊட்டுக்காரரு மொட்டை மாத்திரை ஒண்ணுகூடச் சாப்புடலீங்க. எல்லாம் இதுல இருக்குது."

"என்ன புள்ள சொல்றே?"

"மொதநாளு பாட்டில் அடியில கெடந்த மாத்திரை மறுநாளு கழுத்து வரைக்கும் நிக்குதுங்க. மாத்திரை குட்டி போட்டு நான் பாத்ததில்லீங்க. அப்பவே கொட்டிட்டு, கடையில சிவப்பு லேபிளே வாங்கிப் போட்டுட்டேன். நீங்க ரொப்ப ரொப்ப நானும் மாத்தீட்டே வந்தேன்."

"காசு?"

"உங்க சட்டைப் பையிலதானுங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"சொன்னா வேற எடத்துல ஒளிச்சு வெச்சுச் சாப்புடுவீங்க. பாதிப் பனியன்ல கை வெக்கக்கூடாதுன்னு சுப்பையனை அந்த வாங்கு வாங்குனீங்களே, நீங்க மட்டும் என்னுங்க? முழு வருசமும் முடியட்டும்னு காத்துட்டிருந்தேன்."

நஞ்சப்பனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் மூளைக்குள் 'டுபுடுபு' என்று ஒரு சத்தம் கேட்டது. இவள் ஏமாற்றியது நிஜமென்றால், அவர் மாறவே இல்லை. மாறவே இல்லையென்றால்...

"ஆமாங்க டாக்டரு! நான் ஏமாந்துட்டனுங்க! சுத்தமா ஏமாந்துட்டனுங்க! இவளை மாதிரி கெட்டிக்காரி கொங்கு நாட்டுலயே கெடையாது!" என்று கூவினார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நோயாளிகளில் இரண்டு பேருக்குச் சிரித்தே காய்ச்சல் இறங்கிவிட்டது.

டாக்டரும் சிரித்துவிட்டார். "அப்ப வருஷக் கணக்கு சரிதான். குடுத்திருங்கம்மா."

இரண்டாவது தடவையாகச் சாவி கழன்றது. நஞ்சப்பன் கையை நீட்டினார். சாவியின் குளிர்ச்சி உள்ளங்கையில் படவும் செய்தது. ஆனால் வாதத்தில் ஜெயிக்காமல் கிளம்ப மனசு வரவில்லை.

"இருந்தாலும் டாக்டரு, நான் சொன்னது தப்பில்லீங்களே? மொட்டையும் நல்ல மாத்திரைதானுங்களே? உங்க வாயால ஒருக்கா இவளுக்குச் சொல்லீருங்க."

டாக்டர் தகர டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்தார். "நல்லாச் செய்யறவங்கதான். முறையா மாத்தினா தாராளமா சாப்பிடலாம்."

நஞ்சப்பனின் மார்பு ஒரு சைஸ் ஏறியது. "கேட்டுக்கிட்டயா புள்ள?"

"கேட்டுக்கிட்டனுங்க. நீங்க சொன்னதுதானுங்க சரி." செல்லாத்தாள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "அப்பறம் எதுக்குங்க வீணா லேபிளுக்குக் காசு? பழைய ரோலு முடிஞ்சுபோச்சு. இனி அதுக்கு மாத்தீரலாமுங்களா? ஒரே கம்பெனியா வாங்கிக்கறேன். தாவ விட மாட்டேன். தினமும் நானே கவனிச்சுக்கறேன்."

"மாத்திரலாமே. காபி வாசம் அடிக்கிறதைக் கொட்டிட்டு, புதுசா வாங்குங்க" என்று டாக்டர் சீட்டெழுத ஆரம்பித்தார். "ஆனா மாத்தினா கொஞ்ச மாசம்..."

"வண்டி கூடாது. தெரியுமுங்க" என்று செல்லாத்தாள் கணவரின் உள்ளங்கையிலிருந்து சாவியைப் பதமாக எடுத்துக் கொத்தில் கோத்தாள்.

பெண்டாட்டியிடம் முதன்முதலாக ஒரு வாதத்தில் ஜெயித்த நஞ்சப்பன், நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எந்திரிங்க. வாசல்ல வண்டி நிக்குது" என்றாள் செல்லாத்தாள்.

வண்டி என்ற சொல் காதில் விழுந்ததும் துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடினார்.

வண்டி அவரைப் பார்த்துக் கனைத்தது.