கட்டுச்சோறு வந்தபோது வீடு பூட்டியிருந்த காரணம்

கள்ளக்குறிச்சி,
ஆஸ்பத்திரி வேப்பமரத்தடி,
செவ்வாய்க்கிழமை காலை.

தியாகதுருகம் சம்பந்தி நாராயணசாமி அவர்களுக்கு, கச்சிராயபாளையம் ஆதிமூலம் இரு கரம் கூப்பி எழுதிக்கொள்வது. தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளை தனசேகரனும், சினையாக இருக்கும் அந்தச் சிவப்புப் பசுவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் முக்கால்வாசி சுகம். மீதிக் கால்வாசியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நேற்று கடைத்தெரு பூத்திலிருந்து தங்களுக்குப் போன் போட்டேன். "ஆதிமூலம் பேசறேன்" என்றதும் வைத்துவிட்டீர்கள். மறுபடி போட்டேன், இந்த முறை பெயரைச் சொல்வதற்கு முன்பே வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன்னால் ஒருதரம் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஏழாம் மாதம் நாங்கள் வளையல் போட்டு எங்கள் பெண் ராணியை அழைத்து வந்ததற்கு எதிர்முறையாக, ஞாயிற்றுக்கிழமை தாங்கள் ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு, டிராக்டரில் உறவுக்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு, மேளக்காரரோடு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். வீடு பூட்டிக் கிடந்தது. வாசலில் கோழிகள் மட்டும் நின்றன. பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் "பொண்ணுக்குத் தலைவலின்னு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிருக்காங்க" என்று சொல்லியிருக்கிறாள். அதற்குத் தாங்கள், "தலைவலிக்கு எவனாவது வூட்டப் பூட்டிக்கினு போவானா? முறை வாங்க மனசில்ல, அவ்ளோதான். இனிமே இந்த வாசல மிதிக்க மாட்டேன்" என்று தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டு, ஏழு வகைச் சோற்றையும் தெருவுக்கே கொடுத்துவிட்டுப் போனதாகக் கேள்வி. நேற்று ராணியைப் பார்க்க வந்த தெருக்காரர்கள் எல்லாரும் ருசியாக இருந்ததென்றுதான் சொன்னார்கள். புளிச்சோற்றில் மட்டும் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்ததாம். குறையாகச் சொல்லவில்லை, உப்பைப் பற்றி இனி எழுத வேண்டியிருப்பதால் சொல்கிறேன்.

ராணிக்கு எட்டாம் மாதமே கால் வீங்கிவிட்டது. என் மனைவி பாப்பாத்திக்கு அதில் ஒரே சந்தோஷம். "கால் வீங்கனா ஆம்பளப் புள்ள" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தாள். அப்புறம் முகமும் வீங்கியது, நாங்கள் போட்ட வளையல் கையை இறுக்கியது. அதற்கும் "ஆம்பளப் புள்ளையேதான்" என்றாள். ஊருக்கு வந்த நர்சம்மா கையில் பட்டை கட்டிக் காற்றடித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. பிரஷர் ஜாஸ்தியாக இருக்கிறதென்றும், ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைக்க வேண்டுமென்றும், கீரையும் பாலும் கேழ்வரகும் பருப்பும் வயிறு நிறையச் சாப்பிட வேண்டுமென்றும், கால்சியம் மாத்திரையை விடாமல் போட வேண்டுமென்றும், வாராவாரம் வந்து பிரஷர் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றும், தலைவலியோ கண் மங்கலோ வந்தால் கும்பிட்டுக்கொண்டிருக்காமல் உடனே கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டுமென்றும் சொன்னார். நான் ஒருதரம் கேட்டால் மறக்க மாட்டேன் என்பது தங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய் மோட்டார் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அன்று முதல் எங்கள் வீட்டில் எதிலும் உப்பில்லை. குழம்பிலில்லை, ரசத்திலில்லை, மோரிலில்லை. இரண்டு வேளை நான் ஆகா என்று சாப்பிட்டேன், மூன்றாம் வேளை எனக்கு அவசரமாகத் தாலுகா கச்சேரியில் வேலை வந்து ஓட்டலுக்குப் போய்விட்டேன். ராணி பாவம், தட்டைப் பார்ப்பதும் கூரையைப் பார்ப்பதுமாக இருந்து, கடைசியில் சாப்பாட்டையே விட்டுவிட்டாள். கொல்லைப்புறமாகப் போய்க் கொளஞ்சியம்மாள் வீட்டில் கருவாடு தின்றிருக்கிறாள். மறுவாரம் நர்சம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "உப்பைக் கொறைங்கன்னா சோத்தையே நிறுத்திட்டீங்களே பெரியவரே! புள்ளத்தாச்சி பட்டினி கெடந்தா பிரஷர் எறங்கிடுமா? வூட்டுச் சோத்துல அளவா உப்பு போடுங்க. மாத்திரை போடறாளா?" என்று கேட்டார். போடுகிறாள் என்று நான் பெருமையாகச் சொன்னேன். பக்கத்தில் பாப்பாத்தி இருமினாள்.

மாத்திரை விஷயம் இப்படி, சம்பந்தி. சில நாளாகவே எங்கள் வீட்டு முட்டை ஒரே தட்டில் உடைவதில்லை, தோசைக்கல் விளிம்பில் ஓங்கி ஓங்கித் தட்ட வேண்டியிருந்தது. நல்ல ஜாதிக் கோழி என்று நானும் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மாத்திரை அத்தனையும் பாப்பாத்தி பொடித்துத் தவிட்டில் கலந்து கோழிக்குத்தான் போட்டிருக்கிறாள். "சுண்ணாம்பு மாத்திரை அது. அவ துன்னா புள்ளைக்கு மண்ட கெட்டியாயிடும், பொறக்கறப்ப யாரு பாடுபடறது? கோழி துன்னா முட்டைல வந்துடும், முட்டைய அவதான துன்றா, வேற எங்க போவுது சத்து?" என்றாள். நான் நின்று யோசித்தேன். அதில் எந்தத் தப்பும் எனக்குத் தெரியவில்லை. நர்சம்மாதான், "முட்டை ஓட்டையும் சேத்தா துன்றா உங்க பொண்ணு? அந்த மாத்திரையால எந்தப் புள்ளைக்கும் மண்ட கெட்டியாவல, போடுங்க ஒழுங்கா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அதே மாத்திரை கொடுத்தார். அதை என் கண் முன்னால்தான் ராணி விழுங்கினாள். கோழிகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தாங்கள் வரப்போகிறீர்கள் என்று விடியற்காலையிலேயே வாசல் தெளித்தாயிற்று, பந்தலுக்குத் தென்னங்கீற்றும் வந்து இறங்கிவிட்டது. தலை பிளக்கிறதென்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்த ராணி, "அப்பா, கண்ணு ஒரு மாதிரி மங்கலா இருக்குது, நீங்க ரெண்டு பேரா தெரியறீங்க" என்றாள். "எனக்கு ஒருத்தரே ஜாஸ்தி" என்று பாப்பாத்தி அடுப்படியிலிருந்து சொன்னாள். சொல்லிவிட்டு, சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்து, கரண்டியோடு ஓடி வந்தாள். பஸ் போய்விட்டிருந்தது. கல்வராயன் மலையிலிருந்து புளி மூட்டை ஏற்றிக்கொண்டு இருசப்பன் லாரியில் வந்தான், மலையில் எனக்குச் சாமை கொடுத்து நெல் வாங்கிப் போகும் இருசப்பன்தான். கையைக் காட்டினதும் நிறுத்தினான். ராணியையும் பாப்பாத்தியையும் முன்னால் உட்கார வைத்து, நான் மூட்டை மேல் ஏறிக்கொண்டேன். தங்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டுமென்று பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. எதிரே மேளச் சத்தத்தோடு ஒரு டிராக்டர் போனது. அது தாங்களாகத்தான் இருக்க வேண்டும். நான் கையை ஆட்டினேன். தாங்கள் கவனிக்கவில்லை, அல்லது புளி மூட்டை மேல் உட்கார்ந்திருப்பது சம்பந்தி என்று தங்களுக்குத் தோன்றவில்லை.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, நல்ல வேளையாகக் கொண்டுவந்தீர்கள், விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தாகியிருக்கும் என்றார். ஊசி போட்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பிரசவம் ஆனால்தான் இந்தப் பிரஷர் வழிக்கு வருமாம், அதனால் வலி வரவழைக்கப் போகிறார்கள். பிரசவ வார்டுக்குள் ஆண்களை விடுவதில்லை. பாப்பாத்தி எப்போதாவது வெளியே வந்து "இருக்கறா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்த மரத்தடியிலேயே இருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, சம்பந்தி. எனக்கு இருப்பது ஒரே பெண். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அதனால்தான் எழுதிக்கொண்டே போகிறேன்.

தாங்கள் முறை கெட்டதற்குக் கோபப்படுவது நியாயம். அபராதமாக நானே பதினான்கு வகைச் சோறு ஆக்கிக்கொண்டு தியாகதுருகம் வந்து தங்கள் வாசலில் நிற்கிறேன். கோபத்தை என்மேல் வைத்துக்கொள்ளுங்கள், பெண்ணின் மேல் வேண்டாம். சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் ஒரு நடை வந்து அவளைப் பார்த்தால் அவளுக்குத் தெம்பாக இருக்கும். தாங்கள் உத்தரவு கொடுத்து அவர்களை அனுப்பிவைக்கும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் குடும்பத்தில் பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும், சிவப்புப் பசுவுக்கு நல்லபடி கன்று ஈன என் பிரார்த்தனையும்.

தங்கள் கோபத்துக்கு உரிய,
கோ. ஆதிமூலம்.

பின்குறிப்பு: உறையில் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தேன். யாரோ எதிரே வந்து நின்று, "இன்னா சம்பந்தி, எழுதி முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்கள். நிமிர்ந்தால் சம்பந்தியம்மாள், தங்கள் வீட்டு லட்சுமியம்மாளேதான். அண்ணன் வீட்டுக்குத் திருநாவலூர் போவதாகத் தங்களிடம் சொல்லிவிட்டு நேற்றுக் காலையிலிருந்து வார்டுக்குள்தான் இருக்கிறாராம். கொளஞ்சியம்மாள் தலைவலி என்றதுமே அவருக்குப் புரிந்துவிட்டதாம், தங்களுக்குத்தான் புரியவைக்க முடியவில்லையாம். உரம் வாங்கப் போவதாகச் சொல்லி வந்த மாப்பிள்ளையும் பின்பக்க வாசலில் பிளாஸ்க்கோடு நிற்கிறார். என்னிடம் சொன்னால் நான் தங்களுக்கு எழுதிவிடுவேன் என்று பாப்பாத்தி மறைத்துவிட்டாள். ஆகவே மேலே கேட்ட உத்தரவு தேவையில்லை, தங்கள் வீட்டில் கோபமாக இருப்பது தாங்கள் ஒருவர்தான்.

சம்பந்தியம்மாள் கையில் துணிச்சுருள் இருந்தது. பெண் குழந்தை. எடை கம்மி, ஆனால் அழுகைச் சத்தம் பாப்பாத்தியைப் போலவே இருக்கிறது. எப்போது பிறந்தது என்று கேட்டேன். "நீங்க தலையே தூக்காம எழுதிக்கினு இருந்தீங்க, முடிக்கட்டும்னு வுட்டுட்டேன்" என்றார். கணக்குப் பார்த்தால், நான் கோழியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது தாங்களும் நானும் தாத்தாவாகிவிட்டோம்.

குழந்தையை உடனே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ராணிக்குப் பிரஷர் இன்னும் முழுசாக இறங்கவில்லை, சில நாள் வைத்திருந்து பார்க்க வேண்டுமாம். தபாலுக்குக் காத்திருக்காமல் இதை, இன்று தங்கள் ஊர்ச் சந்தைக்குப் புளி ஏற்றிப் போகும் இருசப்பன் கையில் கொடுத்தனுப்புகிறேன். சந்தையில் மூட்டையை இறக்கிவிட்டு லாரி இங்கேதான் திரும்பும், ஏறி வந்துவிடுங்கள். கண் விழித்ததும் ராணி முதலில் கேட்டது, "மாமா வரலியா?" என்றுதான். தங்களைத்தான் கேட்டாள். பதிலைத் தாங்களே வந்து சொல்லுங்கள்.