இறுகாத கான்கிரீட்டும் மஞ்சள் கேனும்

“கால வைக்காதீங்க அண்ணி, அமுங்கிடும்!”

“நாலு நாளாச்சு டூஃபி! இது கான்கிரீட்டா, ஃபுஃபுக் களியா? குழம்பு ஊத்திச் சாப்பிடலாம் போல இருக்கு.”

“ஊத்தின தண்ணியச் சந்தேகப்படுங்க. என்னை ஏன் அப்படிப் பார்க்கறீங்க?”

கொனாடு தன் நாத்தனாரை அப்படிப் பார்க்கக் காரணம் இருந்தது. கானா நாட்டுக் குமாசியில் எங்கள் பகுதியில் அந்த ஆண்டு யாருமே வாசல் பாதைக்கு வெறும் தண்ணீரில் கான்கிரீட் கலக்கவில்லை. கலந்தால் அந்தப் பாதையில் ஏறும் கார் விபத்தில் சிக்கும் என்று தீர்க்கதரிசி பெப்ரா ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார். தேய்ந்த டயரும் குடித்த டிரைவரும்தான் காரணம் என்று அதுவரை நம்பியிருந்த நாங்கள் வெட்கப்பட்டோம். அவருடைய மஞ்சள் கேன் தண்ணீருக்கு வரிசை தெருமுனை வரை நீண்டது. ஒரு கேன் வாங்கினால் ஜெபித்த தண்ணீர். இரண்டு வாங்கினால் நன்றாக ஜெபித்த தண்ணீர்.

கொனாடு இரண்டு வாங்கினாள். ஒரு காலை இழந்த கணவன் சனிக்கிழமை மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலியில் வருகிறான். வாசல் சேற்றில் நாற்காலி ஏறாது. சரிவு பார்த்து, சரளை இடித்து, பலகை அடித்து எல்லாம் ஒழுங்காகவே செய்தார்கள். கான்கிரீட் மட்டும் இறுகவில்லை.

பெப்ரா வந்தார். விரலால் தொட்டார். கண்ணை மூடினார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, அந்த வீட்டில் தன் சபைக்கு வராத ஒரே ஆளைத் தேடிப் பிடித்தார்.

“புருஷனோட தங்கச்சி சூனியக்காரி. அவ வெளியேறினா மூணே நாள்ல இறுகிடும்.”

கொனாடு அழுதுகொண்டே டூஃபியின் பெட்டியைக் கட்டினாள்.

“பொட்டி இருக்கட்டும் அண்ணி, ஒரு நாள் குடுங்க. அந்தக் கேன் மூடியப் பாருங்க.”

மூடியில் எறும்பு மொய்த்தது.

“பேய்க்கு எறும்பு வருமா? என் ரொட்டிக்கடை சர்க்கரை மூட்டைக்குத்தான் இப்படி வரும்.”

டூஃபி மூன்று ரொட்டித் தகரங்களை எடுத்தாள். ஒரே சிமெண்ட், ஒரே மணல், ஒரே சரளை. முதல் தகரத்தில் குழாய்த் தண்ணீர். இரண்டாவதில் கேனில் மிஞ்சியது. மூன்றாவதில் குழாய்த் தண்ணீரோடு தன் கடைச் சர்க்கரை.

மறுநாள் காலை, தீர்க்கதரிசியின் வரிசைக்கு முன்னால் மூன்றையும் கவிழ்த்தாள். முதல் தகரத்திலிருந்து கல் விழுந்தது. மற்ற இரண்டிலிருந்தும் கூழ் வழிந்தது.

“மூணையும் கலக்குனது இந்தச் சூனியக்காரி கைதான். ஒண்ணு மட்டும் எப்படி இறுகிச்சு?”

“அதுல பேய் இறங்கல,” என்றார் பெப்ரா.

“மூணாவதுல இறங்கிச்சா? அதுல இருக்கறது உங்க தண்ணி இல்ல பாஸ்டர், என் சர்க்கரை. பேய் என் மூட்டையிலயா குடியிருக்கு?”

கூட்டத்தில் முதல் சிரிப்பு வெடித்தது. பின்னாலிருந்து ஒரு கொத்தனார் முனகினார்: “சர்க்கரை கலந்தா சிமெண்ட் லேட்டா இறுகும். நாள் போனா தானா இறுகிடும்.”

“தெரிஞ்சுமா வாயத் தொறக்கல?” என்றார் பக்கத்தில் நின்றவர்.

“என் பொண்டாட்டி வரிசையில நிக்கறாய்யா!”

இவ்வளவுதான் அற்புதம். கேனில் பெப்ரா போட்ட சர்க்கரை தாமதப்படுத்தும், அவரே சாபம் என்பார், யாரோ ஒருத்தி பெட்டியோடு தெருவில் நிற்பாள், கான்கிரீட் தன்பாட்டுக்கு இறுகும், நாங்கள் நன்றிக் காணிக்கை கொடுப்போம். இப்படி ஐந்து வீடுகள். எறும்பு சோதித்துப் பார்த்தது. நாங்கள் மண்டியிட்டோம். எறும்புக்கு இருக்கும் அறிவை வைத்துக்கொண்டாவது இனி யோசிப்போமா?

வரிசைக்கு எதிரிலேயே பெப்ராவின் புது பங்களாவில் அன்று கலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவருடைய காருக்கும் ஒரு பாதை. ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்தது. மருந்துக்கும் அங்கே ஒரு மஞ்சள் கேன் இல்லை.

கொனாடு வரிசையிலிருந்த நிறைந்த கேன் ஒன்றைத் தூக்கி வந்து அவர் கையருகே நீட்டினாள்.

“என் வீட்டுக்காரரை நானும் என் நாத்தனாரும் தூக்கியே உள்ள கொண்டு போயிடுவோம். நீங்க ஒண்ணே ஒண்ணு செய்ங்க பாஸ்டர். இத உங்க கான்கிரீட்ல ஊத்துங்க.”