சின்ன அறையைக் காப்பாற்றிய டேட்டாபேஸ்

சின்ன அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். உயிரே போனாலும் சரி. மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சரி. இரண்டாவதுதான் பெரிய ஆபத்து என்பது அவருக்கும் தெரியும்.

அந்த அறையில்தான் அவருடைய மெயில் சர்வர் இருந்தது. பழைய கம்ப்யூட்டர் ஒன்று, மேஜை ஒன்று, மின்விசிறி ஒன்று. மின்விசிறி கம்ப்யூட்டருக்கு. வீட்டு மெயில் அத்தனையும் அதன் வழியாகத்தான் வரும், போகும். தெருவில் அவருக்கு 'சர்வர்' என்றே பெயர். புதிதாகக் குடிவந்தவர்கள் எந்த ஓட்டலில் என்று விசாரிப்பார்கள்.

"தங்கச்சிக்கு இங்க மூணு மாசம் ட்ரெய்னிங்காம்," என்றாள் மனைவி, திங்கட்கிழமை. "விவரமா மெயில் போடறேன்னா. சின்ன ரூமை ஒழிச்சுக் குடுத்தா நம்மகூடவே இருப்பா."

"இடம் இல்லேன்னா?"

"ஹாஸ்டல்தான். வியாழக்கிழமைக்குள்ள அவ முடிவு பண்ணணும்."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். லீவும் போட்டார்.

வரும், போகும் மெயிலை யாரிடம் சேர்ப்பது என்று சர்வர் இதுவரை ஒரு பழைய பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தது. இனி ஒரு குட்டி டேட்டாபேஸைக் கேட்கும். அது ஒரே ஒரு கோப்பு; உள்ளே வரி வரியாக விலாசங்கள். கொழுந்தியாள் அனுப்புவதை எல்லாம் தன்னிடம் கொடு என்று அதில் ஒரு வரி சேர்த்துவிட்டால், வியாழக்கிழமை தானாகத் தாண்டிப் போகும்.

செவ்வாய் முழுவதும் சர்வர் மசியவில்லை. கோப்பு எங்கே என்றது. இதோ என்றார். திறக்க முடியவில்லை என்றது. அவர் விடுவதாக இல்லை.

"அப்படி என்னதாங்க பண்றீங்க?"

"சர்வரை டேட்டாபேஸோட இணைக்கிறேன். தேடறது சுலபம்."

"எதைத் தேடறது?"

"எது வேணும்னாலும்."

"அப்ப என் கத்திரிக்கோலைத் தேடிக் குடுங்க."

ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பதிவுகளைப் பார்ப்பவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது என்று விட்டுவிட்டார்.

புதன் மாலை இரண்டும் இணைந்தன. கொழுந்தியாள் அக்காவுக்குப் போட்ட மெயில் அழகாக அவர் பெட்டியில் விழுந்தது. வியாழன் காலை குளித்துவிட்டு வந்து, மனைவி பெயரிலேயே பதில் எழுதினார்: 'ரூம்ல சாமான் நிறைய இருக்கு. அத்தானுக்கும் உடம்பு சரியில்ல. ஹாஸ்டலே பாத்துக்கோ.' பொய் கொஞ்சம் உறுத்தியது. ஒரு தடவை இருமிக்கொண்டார்.

மத்தியானம் பதில் வந்தது: 'சரி அக்கா, ஹாஸ்டலுக்குச் சொல்லிட்டேன்.'

அவருக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் தாராள மனசும் வந்துவிட்டது.

"உன் தங்கச்சி பாவம், நம்மகூடவே இருக்கட்டும்," என்றார் மனைவியிடம். "கட்டிலை நானே தூக்கிப் போடறேன்."

"நிஜமாவா?"

"நான் சொன்னா சொன்னதுதான்."

சனிக்கிழமை காலை வாசலில் மணி அடித்தது. கொழுந்தியாள் இரண்டு பெட்டிகளோடு நின்றாள்.

"ஹாஸ்டல் என்னாச்சு?" என்றார்.

"எந்த ஹாஸ்டல் அத்தான்? புதன்கிழமை மெயில் போட்டேன், பதிலே இல்ல. ராத்திரியே அக்காவுக்கு போன் பண்ணிட்டேன். மறுநாள் நீங்களே கட்டில் போடறதாச் சொன்னீங்களாமே."

மெயிலை மடக்கிய மனிதருக்கு, வீட்டில் போன் என்று ஒன்று இருப்பது நினைவுக்கே வரவில்லை.

"அப்ப அவளுக்குப் போன பதில்?" என்று மனைவியைப் பார்த்தார்.

"எனக்குத்தான் வந்துது. அவ மெயில் எங்க போச்சுன்னு பாத்தேன், டேட்டாபேஸ்ல உங்க வரி இருந்துது. நீங்க குளிக்கப் போன நேரத்துல நானும் ஒரு வரி சேத்தேன், அவளுக்குப் போறது எனக்கு வரட்டும்னு. ஆஸ்பத்திரியில நாள் பூரா அந்த வேலைதானே. ஹாஸ்டல் பதில் நான் எழுதினது. உடம்பு இப்ப எப்படி இருக்கு?"

அவர் கட்டிலைத் தூக்கிப் போட்டார். சர்வரைக் கூடத்து மூலைக்கு மாற்றினார். அவள் சேர்த்த வரியையாவது அழித்துவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

திரையில் பதில் வந்தது: 'இந்தக் கோப்பை நீங்கள் பார்க்கலாம். மாற்ற உங்களுக்கு அனுமதி இல்லை.'

பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டில் அவர் நிலைமை அதுதான். எழுத்து மூலம் பார்ப்பது இதுதான் முதல் தடவை.