பத்து சாம்பிள் பார்க்காமல் கார் வாங்குவதா?

நாற்பத்தேழுக்கு நாற்பத்தேழு.

சென்னகிருஷ்ணன் மூன்றாவது முறையாகக் கூட்டிப் பார்த்தார். மேலிருந்து கீழே கூட்டினாலும் கீழிருந்து மேலே கூட்டினாலும் இரண்டு கார்களும் நாற்பத்தேழு மதிப்பெண்ணிலேயே நின்றன. பிக்கப், பிரேக், கிளட்ச், மைலேஜ், பின் சீட்டில் முழங்கால் இடிக்குமா, நடுவழியில் நின்றுபோனால் ஸ்பேர் கிடைக்குமா என்று பன்னிரண்டு தலைப்புகள் போட்டு, ஒரு வாரம் உட்கார்ந்து தயாரித்த நோட்டு அது.

"கோமளா, ரெண்டும் சரிசமமா வந்து நின்னுபோச்சு" என்றார் பரிதாபமாக.

கோமளா தரையில் உட்கார்ந்து மகள் மௌனிகாவின் கல்யாணப் பத்திரிகைகளின் மூலைகளில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்பறம் என்னங்க? ரெண்டும் நல்ல வண்டின்னு அர்த்தம். கண்ண மூடிட்டு ஒண்ண வாங்கிப்போடுங்க."

"கண்ண மூடிட்டு வாங்கறதுக்கு இதென்ன கத்திரிக்காயா?"

"கத்திரிக்காய நீங்க எப்பங்க கண்ண மூடிட்டு வாங்குனீங்க? போன வாரங்கூட மார்க்கெட்டுல அந்தப் பொம்பள உங்களக் கண்டதும் கூடையச் சாக்குப் போட்டு மூடிட்டா."

அது உண்மைதான். சென்னகிருஷ்ணன் சிங்காநல்லூரில் ஒரு நூற்பாலையின் சோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை பார்க்கிறவர். நூல் எத்தனை பாரம் தாங்குகிறது, எங்கே மெலிகிறது, எங்கே முடிச்சு விழுகிறது என்று பார்த்து எழுதுவது அவர் தொழில். பத்து சாம்பிள் பார்க்காமல் அவர் கையெழுத்துப் போட்டதாகச் சரித்திரம் இல்லை. மில்லுக்கு அது நல்லது. வீட்டுக்கு அத்தனை நல்லதில்லை. கிரைண்டர் வாங்க அவர் பதினான்கு மாதம் ஆராய்ச்சி செய்தார். முடிவுக்கு வந்து கடைக்குப் போனபோது அந்த மாடலையே நிறுத்திவிட்டிருந்தார்கள்.

இந்த முறை அப்படி இழுக்க முடியாது. நிச்சயதார்த்தத்தன்று கோமளாவின் அக்கா புருஷன், உடுமலைப்பேட்டையில் தோப்பும் காரும் வைத்திருக்கிறவர், நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்: "கல்யாணத்தன்னைக்கும் பொண்ணையும் கோமளாவையும் நானே என்ற வண்டில கொண்டாந்து எறக்கிப்போடறனுங்க. நம்ம சகலை காரு வாங்கறதுக்குள்ள பேத்திக்கே கல்யாணம் வந்துரும்."

எல்லோரும் சிரித்தார்கள். கோமளா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தீர்மானமாகச் சொன்னாள்.

"பாருங்க, வைகாசி பதினெட்டு கல்யாணம். அன்னைக்கு மண்டபத்து வாசல்ல நான் நம்ம காருலதான் போயி எறங்கோணும். அந்த மனுசன் காருல ஏற மாட்டேன். இல்லீன்னா பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டு உங்க ஸ்கூட்டர்ல பின்னால உக்காந்துட்டு வாரேன். ஊரே பாக்கட்டும்."

சித்திரை முடிவதற்குள் புக் செய்தால்தான் கல்யாணத்துக்குள் வண்டி கைக்கு வரும். இன்னும் மூன்று வாரம் இருந்தது.

போட்டியில் இருந்தவை இரண்டு கார்கள். பெயரைச் சொன்னால் இரண்டு கம்பெனிக்காரர்களும் நம் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். எனவே, ஊரில் பாதிப் பேர் வைத்திருக்கிற பழைய மாடலைச் சின்ன வண்டி என்றும், புதிதாக வந்து பார்ப்பவர்களையெல்லாம் திரும்பிப் பார்க்கவைத்த மாடலை உசர வண்டி என்றும் வைத்துக்கொள்வோம். சின்ன வண்டிக்கு மூலைக்கு மூலை மெக்கானிக் உண்டு. உசர வண்டியில் தலை இடிக்காது. சின்ன வண்டி சந்துபொந்தெல்லாம் நுழையும். உசர வண்டி நாலு பேரோடு ஏ.சி. போட்டாலும் மூச்சு வாங்காது. யாருக்குத்தான் குழப்பம் வராது?

"நோட்டுல பாத்தா இப்படித்தான் வரும். ஓட்டிப் பாக்கோணும்" என்று முடிவு செய்து, சென்னகிருஷ்ணன் மறுநாள் உசர வண்டியின் ஷோரூமுக்குப் போனார்.

அங்கே விற்பனைப் பிரிவில் அந்தோணிராஜ் என்றொருவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஏதோ மில் மூடியபோது வேலை போய், டை கட்டப் பழகிக்கொண்டவர். வந்து மூன்று மாதமாகியும் ஒரு வண்டிகூட விற்கவில்லை என்பதால் மானேஜர் அவரைப் பார்க்கிற பார்வையே சரியில்லை.

"தாராளமா ஓட்டிப் பாருங்க சார். இங்க பக்கத்துல ஹோப் காலேஜ் வரைக்கும் போயிட்டுத் திரும்பிரலாமுங்க" என்றார் அந்தோணிராஜ்.

"ஹோப் காலேஜா? அதுல என்னங்க தெரியும்? மண் ரோடு பாக்கோணும், மேடு பாக்கோணும், நாலு பேரு உக்காந்து பாக்கோணும். பத்து சாம்பிளாவது வேணுங்க."

"பத்துங்களா?"

"நாளைக்கு உடுமலைப்பேட்டைக்குப் பத்திரிகை வெக்கப் போறனுங்க. இதுலயே போயிப் பாத்துட்டு வந்தர்றேன். நீங்களும் கூட வாங்க."

மானேஜர் முகம் கோணியது. அந்தோணிராஜ் அவரைக் கண்ணாடி அறைக்குள் கூட்டிக்கொண்டு போய் ஏதோ கெஞ்சினார். ஒரே ஒரு தடவை என்று அனுமதி கிடைத்தது.

மறுநாள் உசர வண்டியில் சென்னகிருஷ்ணன், பக்கத்தில் நோட்டு, பின்னால் கோமளா, அவள் பக்கத்தில் வெற்றிலை பாக்குத் தட்டை மடியில் ஏந்தியபடி டை கட்டிய அந்தோணிராஜ் என்று கிளம்பினார்கள்.

உடுமலை சகலை வைத்திருந்தது சின்ன வண்டி. பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, காபி ஆறுவதற்குள் சென்னகிருஷ்ணன் அவரை எழுப்பித் தோப்புக்குள் கூட்டிக்கொண்டு போனார். வரப்பை ஒட்டின குண்டும் குழியுமான தடத்தில் இரண்டு வண்டிகளையும் மாற்றி மாற்றி ஓட்டினார்.

"பாத்தீங்களா சகலை, உங்க வண்டில அந்தக் குழிக்கு அடி இடிச்சுது. இதுல இடிக்கல. உங்களுதுல எனக்கு முதுகு புடிச்சுக்கிச்சு. இதுல சேர்ல உக்காந்த மாதிரி இருந்துச்சு. சுமை ஏத்துனாக்கூட இது இழுக்குது" என்று அரை மணி நேரம் புட்டுப் புட்டு வைத்தார். சகலை இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப உசர வண்டியே வாங்கிரலாம்ங்க" என்றாள் கோமளா ஆசையோடு.

"அப்படிச் சொல்ல முடியாது. இதுக்கு கிளட்ச் கொஞ்சம் கெட்டி. திரும்பறப்ப கூரை ஆடற மாதிரி இருக்குது. அப்பறம் ஸ்பேரு..." என்று ஆரம்பித்தவர், தனியாகப் போய் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நோட்டில் எழுதத் தொடங்கிவிட்டார். அந்தோணிராஜ் தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் போனவர், ஒரு சொம்புத் தண்ணீருக்கு இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார்.

உடுமலை முடிவில் கணக்கு ஐம்பத்தொன்றுக்கு ஐம்பத்தொன்று.

அடுத்தது மேட்டுப்பாளையம். கோமளாவின் தம்பி சசிதர் அங்கே பாக்கு மண்டி வைத்திருந்தான். அவனிடமும் சின்ன வண்டிதான். மானேஜர் மறுபடியும் முகம் கோணுவார் என்று பயந்துகொண்டே ஷோரூமுக்குப் போன சென்னகிருஷ்ணனுக்கு ஆச்சரியம். மானேஜரே எழுந்து வந்தார். காபி வந்தது. வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார்கள்.

"மலையேத்திப் பாக்காம எப்படி சார் தெரியும்? நல்லா பாருங்க" என்றார் மானேஜர்.

சசிதரையும் அவன் வண்டியையும் இழுத்துக்கொண்டு மலைப்பாதையில் நாலு வளைவு ஏறி இறங்கினார்கள். ஏறும்போது உசர வண்டி மூன்றாவது கியரிலேயே போனது. சின்ன வண்டி முதல் கியரில் முனகியது.

"மாப்ள, உன்ற வண்டி ஏத்தத்துல எப்படித் திணறுதுன்னு கேட்டயா? ஏ.சி.யப் போட்டா இன்னும் மோசம். இது பாரு, சும்மா எண்ணெயாட்டம் ஏறுது."

"ஆமாங் மாமா" என்றான் சசிதர், உசர வண்டியின் கதவைத் தடவிக்கொண்டே.

"ஆனா எறங்கறப்ப உன்ற வண்டிதான் புடிச்ச எடத்துல நிக்குது. அங்கதான் எனக்குக் குழப்பம்" என்று சொல்லிவிட்டு மாமா மறுபடி நோட்டைத் திறந்தார். பின்னால் கோமளா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்தோணிராஜுக்கு அன்றைக்கும் தாகம்; சசிதரைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார்.

ஐம்பத்தாறுக்கு ஐம்பத்தாறு.

இப்படியே சூலூர், அன்னூர், பொள்ளாச்சி என்று பத்திரிகை வைத்த வீடு ஒவ்வொன்றிலும் சோதனை நடந்தது. அவர் வெயிலில் நிறுத்திப் பார்த்தார். பருமனான அத்தைகள் இரண்டு பேரை ஏற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் தேங்காய் மூட்டையோடு ஓட்டிப் பார்த்தார். சொந்தக்காரர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். உசர வண்டி நன்றாக ஓடிவிட்டால் சின்ன வண்டிக்கு அநியாயம் செய்கிறோமோ என்று அவருக்குச் சங்கடம். அதை ஈடுகட்ட ஒரு குறை கண்டுபிடிப்பார். கணக்கு மறுபடி சமமாகிவிடும்.

ஷோரூமில் மரியாதை நாளுக்கு நாள் கூடியது. காபி போய் இளநீர் வந்தது. பெட்ரோல் முழு டாங்க் நிரப்பித் தந்தார்கள். இத்தனை நல்லவர்களை ஏமாற்றுகிறோமே, கடைசியில் சின்ன வண்டியை வாங்கிவிட்டால் இந்த அந்தோணிராஜின் வேலை என்னாகும் என்று சென்னகிருஷ்ணனுக்கு ராத்தூக்கம் கெட்டது.

"ஏனுங்க அந்தோணிராஜ், உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுக்கறனுங்களா?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க சார். எத்தனை நாளானாலும் பாருங்க. அவசரமே இல்லீங்க."

உடுமலை சகலைகூட போனில் மாறிப்போயிருந்தார். கிண்டலே இல்லை. "நெதானமா முடிவு பண்ணுங்க சகலை. ஒண்ணும் அவசரமில்ல" என்றார். அவர் தன்னைக் கண்டு பரிதாபப்படுகிறார் என்று நினைத்து சென்னகிருஷ்ணனுக்கு அவமானமாக இருந்தது.

சித்திரை முடிய நாலு நாள் இருக்கும்போது கோமளா அவரை அம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உங்க நோட்டு போதும். பூக் கேட்டுப் போடலாம். பூசாரி எடுக்கற பொட்டலத்துல வெள்ளைப் பூ வந்தா சின்ன வண்டி, செவப்புப் பூ வந்தா உசர வண்டி. அம்மன் சொன்னா மறுபேச்சு இல்ல."

சென்னகிருஷ்ணன் சம்மதித்தார். ஆனால் பொட்டலம் கட்டுவதை வேறு யாரிடமும் விடவில்லை. நந்தியாவட்டை ஒன்று, செவ்வரளி ஒன்று, ஒரே அளவு இலை, ஒரே நீள நூல் என்று அவரே கட்டினார். இரண்டிலும் பக்தியோடு ஒரு சிட்டிகை குங்குமமும் போட்டார்.

பூசாரி கண்ணை மூடிப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். ஈர இலையில் குங்குமம் கரைந்து, உள்ளே இருந்த நந்தியாவட்டை ஒரு பக்கம் வெள்ளையாகவும் மறுபக்கம் செக்கச்செவேலென்றும் இருந்தது.

"இதென்ன பூவுங்க?" என்றார் பூசாரி.

"சமமா வந்துருச்சுங்க" என்றார் சென்னகிருஷ்ணன், கிட்டத்தட்ட அழுகிற குரலில்.

கோமளாவுக்குக் கோபம் வந்தால் தெலுங்குதான் வரும். கோயில் வாசல் வரைக்கும் தெலுங்கிலேயே வந்தாள். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் தமிழுக்குத் திரும்பினாள்.

"இருவத்தஞ்சு வருசமா உங்ககிட்ட நான் ஒண்ணுமே கேக்கலீங்க. இது ஒண்ணுதான் கேட்டேன். எனக்குக் காரு பெருசில்ல. எனக்காக நீங்க ஒரு முடிவு எடுத்தீங்கன்னு இருக்கோணும்."

அன்றைக்கு ராத்திரி சென்னகிருஷ்ணன் சாப்பிடவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது. நோட்டை எடுத்தார். நாலாகக் கிழித்தார். வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டு வந்து, "உசர வண்டி" என்றார் கோமளாவிடம். அவள் நம்பாமல் பார்த்தாள்.

மறுநாள் காலை ஷோரூம் திறக்கும்போதே போய் நின்றார்.

"வாங்க சார், இன்னைக்கு எந்தப் பக்கமுங்க?" என்று அந்தோணிராஜ் உற்சாகமாக எழுந்தார்.

"எந்தப் பக்கமும் இல்லீங்க. முடிவு பண்ணிட்டேன். உசர வண்டிதான். புக் பண்ணிப்போடுங்க."

அந்தோணிராஜ் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. கண்ணாடி அறைக்குள்ளிருந்து மானேஜர் ஓடி வந்தார்.

"சார், நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சுட்டனுங்க."

"கிளட்ச் கெட்டியா இருக்குதுன்னு சொன்னீங்களே?"

"பழகிரும்."

"கூரை ஆடுதுன்னு..."

"ஆடட்டும்."

"ஸ்பேரு கெடைக்கறது கொஞ்சம் கஷ்டந்தான் சார்" என்றார் மானேஜர், தன் வண்டியைப் பற்றித் தானே.

சென்னகிருஷ்ணனுக்குத் தலை சுற்றியது. வாங்காமல் சுற்றியபோது இளநீர் கொடுத்தவர்கள், வாங்குகிறேன் என்றால் ஏன் இப்படி விழிக்கிறார்கள்?

"அதெல்லாம் இருக்கட்டுமுங்க. கல்யாணத்துக்குள்ள வண்டி வந்துருமில்லீங்க?"

மானேஜர் தலையைக் குனிந்துகொண்டார். "வராதுங்க சார். அதுக்குள்ள வர்ற ஒம்பது வண்டியும் புக் ஆயிப்போச்சு."

சென்னகிருஷ்ணன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பட்டுச்சேலையோடு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வரும் கோமளா கண்ணெதிரே வந்தாள். முடிவெடுத்த அன்றைக்கும் அவளுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்தோணிராஜ் பக்கத்தில் வந்து குனிந்து, ரகசியக் குரலில் சொன்னார்: "வருத்தப்படாதீங்க சார், அந்த ஒம்பதும் நீங்க பத்திரிகை வெச்ச ஊட்டுக்காரங்க, உங்க பேச்சக் கேட்டு, நீங்க வாங்கறதுக்குள்ள வாங்கிப்போடோணும்னு உங்களுக்குத் தெரியாம புக் பண்ணுனதுதானுங்க... கல்யாணத்துக்கு நீங்க ஓட்டிப் பாத்த நம்ம டெஸ்ட் வண்டியவே எடுத்துட்டுப் போயி அம்மாவ எறக்குங்க, மண்டபத்துக்கு எப்படியும் ஆயரம் பேரு வருவாங்க, யாரு கேட்டாலும் இன்னும் முடிவு பண்ணலீங்கன்னு மட்டும் சொல்லிப்போடுங்க!"