பதினோரு வேலை செய்யும் பெட்டியும் ஒரு வடை மாலையும்

எனக்குச் சமைக்கத் தெரியாது. ஆனால் சமையலைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தெரியும். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது குடும்பத்துக்கு ஆகாது என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அவருக்கும் மார்க் போட்டிருப்பேன்.

மார்க் போடுவதுதான் என் தொழில். சிங்கப்பூரில், தஞ்சோங் பகாரில் அலுவலகம். கம்பெனிக்கு நாற்காலி வேண்டுமென்றாலும் காப்பி மெஷின் வேண்டுமென்றாலும், விற்க வருகிறவர்கள் முதலில் என் முன்னால் அதை இயக்கிக் காட்ட வேண்டும். நான் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு குறை கண்டுபிடிப்பேன். வருஷக்கணக்கில் இதையே செய்ததில், எந்தப் பொருளையும் பார்த்த மாத்திரத்தில் எடைபோட்டுவிடுவேன் என்ற நினைப்பு வந்துவிட்டது. (என் மனைவி கலா இந்த நினைப்புக்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள். மகள் நித்யா பக்கத்தில் இருந்தால் அதைச் சொல்ல மாட்டாள்.)

பாலிகிளினிக் டாக்டரம்மா ஒருநாள் என் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "அங்கிள், எண்ணெய கொஞ்சம் கொறச்சுக்கங்க லா" என்றார். அன்று சாயங்காலமே லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். சமையலறை மேடை மேல் வைக்கிற ஏர் ஃப்ரையர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இருப்பதிலேயே பெரியதைத் தட்டிக் காட்டினார் விற்பனையாளர்.

"சார், மத்ததெல்லாம் வெறும் ஏர் ஃப்ரையர். இது லெவன் இன் ஒன். பொரிக்கும், வாட்டும், கேக் சுடும், பழத்தக் காய வைக்கும், தயிர்கூட ஒறைய வைக்கும்."

"வடை?"

"வடையா! வடைக்குன்னே செஞ்சது சார் இது."

(பெட்டியில் 'சீனாவில் செய்யப்பட்டது' என்று போட்டிருந்தது. அங்கே யாருக்கு வடை மேல் இத்தனை அக்கறை என்று நான் கேட்கவில்லை. ஆஃபீசாக இருந்தால் கேட்டிருப்பேன்.) புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் எங்கள் வீடு வரைக்கும் எம்ஆர்டி ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து மதிப்பீடு தொடங்கியது. மிக்சியை ஓரங்கட்டினேன். ரைஸ் குக்கரைத் தரையில் இறக்கினேன். உறைய வைத்த சமோசா பாக்கெட் ஒன்று வாங்கி உள்ளே போட்டேன். பொன்னிறமாக வந்தது. கறிபஃப் போட்டேன், அதுவும் அப்படியே. பாக்கெட் வடை போட்டேன், மொறுமொறுவென்று வந்தது. எல்லாவற்றுக்கும் முழு மார்க் கொடுத்து, படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தினம் ஓர் அறிக்கை விட்டேன்.

அப்பளம் மட்டும் கொஞ்சம் தகராறு செய்தது. உள்ளே சுழல்கிற விசிறி அதை அப்படியே தூக்கி, மேலே சிவந்து கிடந்த கம்பிச்சுருளில் கொண்டுபோய் ஒட்டிவிட்டது. வீடெல்லாம் புகை. 'அப்பளம்: பயன்படுத்துபவருக்குப் பழக்கம் தேவை' என்று அறிக்கையில் எழுதினேன்.

"அப்பா, போதும் லா. சித்தி, மாமி எல்லாரும் குரூப்ப மியூட் பண்ணிட்டாங்க" என்றாள் நித்யா.

கலா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அந்த சமோசா, வடையெல்லாம் கம்பெனிக்காரன் ஏற்கெனவே எண்ணெயில பொரிச்சு பாக்கெட்ல போட்டது. நீங்க சுட வெக்கிறீங்க, அவ்வளவுதான். பச்ச மாவ ஊத்திப் பாத்தீங்களா?"

"எல்லாம் ஒரே டெக்னாலஜிதான்" என்றேன். அவளுடைய கேள்விக்கு நான் பூஜ்ஜியம் கொடுத்தது நன்றாக நினைவிருக்கிறது.

இந்த நேரத்தில்தான் ஆஞ்சநேயர் உள்ளே வந்தார்.

நித்யாவும் பிரகாஷும் காதலித்துக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரில் காதல் முற்றினால் இருவரும் சேர்ந்து பிடிஓ வீட்டுக்கு மனுப் போடுவார்கள். இனிமேல்தான் கட்டப்போகிற அடுக்குமாடி வீட்டுக்கு இப்போதே குலுக்கல். நல்ல எண் வந்தால் வீடு, வராவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் காதல். பிள்ளைகளுக்கு எண் வராமலே போய்க்கொண்டிருந்தது. 'இந்தத் தடவை நல்ல எண் வந்தால் வீட்டிலேயே பூஜை செய்து வடை மாலை சாத்துகிறேன்' என்று கலா ஆஞ்சநேயரிடம் வேண்டிக்கொண்டாள். கடலைத் தாண்டியவருக்குக் குலுக்கல் எம்மாத்திரம், எண் வந்துவிட்டது.

எண் வந்தாலும் பிரகாஷின் அப்பா சண்முகம் இறங்கி வரவில்லை. அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மாணவர்களின் முடியையும் நகத்தையும் சோதித்தே காலம் கழித்தவர். எங்களைச் சந்தித்தபோதெல்லாம் என்னைச் 'சார்' என்றுதான் கூப்பிட்டார், வாய்தவறிக்கூட 'சம்பந்தி' என்று வரவில்லை. கல்யாணத் தேதி என்று பேச்செடுத்தால், "வீடு கட்டி முடிக்கட்டும் சார், பாக்கலாம்" என்பார். அவர் பாக்கலாம் என்பதைக் கேட்கும்போதெல்லாம் நித்யாவின் முகம் சுருங்கிப்போகும். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது.

எப்படியோ அவரையும் அவர் மனைவி சரோஜாவையும் சனிக்கிழமை சாயங்காலப் பூஜைக்கு வரச் சம்மதிக்க வைத்தோம். அன்று தேதி பேசியே ஆக வேண்டும்.

"அப்பா, ப்ளீஸ். அன்னிக்கு ஒருநாள் மட்டும் நார்மலா இருங்க" என்றாள் நித்யா.

நான் நார்மலாகத்தான் யோசித்தேன். சண்முகத்துக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது. எண்ணெய்ப் பலகாரம் ஆகாது. எண்ணெயே படாத வடையை மாலையாகச் சாத்தி, அதையே பிரசாதமாகக் கொடுத்தால் மனிதர் குளிர்ந்துபோய்த் தேதி சொல்லிவிட மாட்டாரா? இந்த வாதத்தைக் கலாவிடம் வைத்தேன்.

"சாமிக்குப் போடறத முன்னாடியே வாயில வெச்சுப் பாக்கக் கூடாது. தெரியுமில்ல?"

"தெரியும். எனக்குப் பாத்தாலே போதும்."

சனிக்கிழமை மத்தியானம் உளுந்தை அவளே அரைத்து, மிளகும் உப்பும் போட்டுக் கொடுத்தாள். பூ வாங்க மகளோடு லிட்டில் இந்தியாவுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "எண்ணெச் சட்டிய அடுப்புலயே வெச்சிருக்கேன். புத்தி வந்தா பத்த வைங்க."

முதல் வடையைத் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, பெட்டியின் கம்பித் தட்டில் வைத்தேன். கதவைச் சாத்துவதற்குள் அது கம்பிகளுக்கு நடுவே வழிந்து கீழே போய்விட்டது. தட்டின் மேல் ஓட்டை மட்டும் இருந்தது. சரி என்று பேக்கிங் தாளை விரித்து அதன்மேல் வைத்தேன். விசிறி தாளைப் புரட்டிக்கொண்டு போய், அப்பளம் போன இடத்திலேயே சேர்த்தது. கரிந்த தாளைச் சுரண்டி எடுத்துவிட்டு, கேக் சுடுகிற தகரத்தட்டில் வரிசையாக வைத்தேன். இம்முறை வடைகள் ஒழுங்காக உட்கார்ந்தன. ஆனால் மெதுவாகப் பரந்து, ஓட்டையை மூடிக்கொண்டு, சுண்ணாம்பு நிறத்தில் வெளியே வந்தன. தொட்டால் மேலே தோலும் உள்ளே கூழுமாக இருந்தது.

இங்கேயாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். அடுப்பு மேல் எண்ணெய்ச் சட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் பதினோரு பட்டன்களில் இன்னும் பாதிகூட நான் அழுத்தவில்லையே! 'பேக்' போட்டேன், பிறகு 'ரோஸ்ட்', பிறகு 'கிரில்'. கடைசியில் பழத்தைக் காய வைக்கிற பட்டனை அழுத்திவிட்டுச் சோபாவில் போய்ச் சாய்ந்தேன். கண் அசந்துவிட்டது.

எழுந்து பார்த்தபோது வடைகள் இறுகியிருந்தன. ஒன்றைத் தட்டில் போட்டுப் பார்த்தேன், 'டங்' என்றது. ருசி பார்க்கக் கூடாது என்பதால் உறுதிக்கு முழு மார்க் போட்டேன். ஒரே ஒரு சிக்கல்தான். ஓட்டை இல்லாத வடையை மாலையாகக் கோக்க முடியாது. கத்தி இறங்கவில்லை, ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது. விருந்தாளிகள் வருகிற நேரமும் நெருங்கிவிட்டது. ஸ்டோர் ரூமிலிருந்து, திரைச்சீலை மாட்ட வாங்கி வைத்திருந்த டிரில் மெஷினை எடுத்தேன். (அதன் முனையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். சாமி காரியம், சுத்தம் முக்கியம்.)

மூன்றாவது வடையைத் துளைத்துக்கொண்டிருந்தபோது காலிங் பெல் அடித்தது. பக்கத்து வீட்டு லிம் ஆன்ட்டி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். (எங்கள் அடுக்குமாடியில் சனி, ஞாயிறு சுவரைத் துளைக்கக் கூடாது என்பது விதி.)

"அங்கிள், ரெனோவேஷன் ஆ? சாட்டர்டே கெனாட் டிரில் லா!"

"நோ, நோ, ஆன்ட்டி. குக்கிங்."

ஆன்ட்டி என் கையிலிருந்த டிரில்லையும், சட்டையெல்லாம் படிந்திருந்த உளுந்துப் பொடியையும் மாறி மாறிப் பார்த்தார். தன் வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். அன்றிலிருந்து தீபாவளிக்கு நாங்கள் பலகாரம் கொடுத்தால், "யுவர் வைஃப் குக், ஆ?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்.

கலாவும் நித்யாவும் பூவோடு திரும்பியபோது நான் கடைசி வடையைக் கோத்துக்கொண்டிருந்தேன். நித்யா மாலையைத் தூக்கிப் பார்த்தாள். கண்கள் கலங்கிவிட்டன. "அம்மா, அவங்க லிஃப்ட்ல வந்துட்டிருக்காங்கம்மா..." கலா என்னைத் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நேரே ஆஞ்சநேயர் படத்துக்கு முன்னால் போய், "மன்னிச்சுக்கப்பா. வேண்டிக்கிட்டது நான். செஞ்சது இந்த மனுஷன்" என்று சொல்லிவிட்டு மாலையைச் சாத்தினாள்.

பிரகாஷ் பெற்றோரோடு வந்து சேர்ந்தான். பூஜை நன்றாகத்தான் நடந்தது. மேலே சுற்றிய மின்விசிறிக் காற்றில் மாலை ஆடி, வடைகள் படத்தின் கண்ணாடியில் 'டக், டக்' என்று மோதின. கற்பூரம் காட்டும்போது மணி அடிக்கவே வேண்டியிருக்கவில்லை. பிறகு பிரசாதம்.

பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாது. கீழே வைக்க முடியாது, துப்பவும் முடியாது. இந்த விதிகள் எத்தனை கடுமையானவை என்று அன்றுதான் உணர்ந்தேன். பிரகாஷ் வடையைக் கண்ணில் ஒற்றி வாயின் ஓரத்தில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். சரோஜா அம்மாள் ஒற்றிக்கொண்டு, "வீட்ல போய் நிதானமா சாப்புடறேன்" என்று கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சண்முகம் ஒழுக்கம் தவறாதவர். முறைப்படி வாயில் வைத்து, ஒரே கடியாகக் கடித்தார்.

எல்லோருக்கும் கேட்டது. உடைந்தது வடை இல்லை.

அவர் கைக்குட்டையை எடுத்து வாயருகே பிடித்தார். முன்பல்லில் பாதி அதில் விழுந்தது. நித்யா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மகளின் கல்யாணத்தை நானே என் கையால் உடைத்துவிட்டேன். ஒரு நாற்காலி வாங்கக்கூட நாலு பேரை வரச்சொல்கிறவன், இந்த விஷயத்தில் ஒருவரையும் கேட்கவில்லையே.

"இது யாரு செஞ்சது?" என்றார் சண்முகம், பள்ளிக்கூடக் குரலில்.

"நான்தாங்க" என்றேன்.

"எதுல?"

"ஏர் ஃப்ரையர்ல."

அவர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். பெட்டியை மேலும் கீழும் நோட்டம் விட்டார். முகம் மாறியது.

"லெவன் இன் ஒன்னா?"

"ஆமாங்க."

"அப்பளம் பறந்துச்சா?"

"...பறந்துச்சுங்க."

"மேல போய் ஒட்டிக்கிச்சா?"

"ஒட்டிக்கிச்சு."

சரோஜா அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கத் தொடங்கினார். "அதே பொட்டி எங்க வீட்லயும் இருக்குங்க. இவருதான் வாங்கிட்டு வந்தாரு. தயிர் போடறேன்னு பால ஊத்தி ராத்திரி முழுக்க கிரில் பண்ணிட்டாரு. ஒரு வாரம் வீட்ல தீஞ்ச வாடை. இப்ப கட்டிலுக்கு அடியில கெடக்கு!"

"அது பட்டன் பக்கத்து பக்கத்துல இருக்கு சரோஜா" என்றார் சண்முகம். பிறகு பாதிப் பல்லோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குச் சிரிக்க வரும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். "சம்பந்தி, ஒங்களையும் அந்தக் கடைக்காரன் ஏமாத்திட்டானா?"

சம்பந்தி! நித்யா ஓவென்று அழுதுவிட்டாள். கலா உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். எண்ணெய்ச் சட்டி அங்கேயேதான் இருந்தது, மாவும் கொஞ்சம் மிச்சமிருந்தது. சூடாக வந்த வடையைச் சம்பந்தி கடைவாயில் வைத்து மென்றபடியே, டாக்டர் பேச்சையெல்லாம் மறந்து, தை மாதத்தில் தேதி சொன்னார். ஆஞ்சநேயருக்கு அடுத்த சனிக்கிழமை கலாவே எண்ணெயில் பொரித்து இன்னொரு மாலை சாத்தினாள். பெட்டி இப்போதும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அவள்தான் பயன்படுத்துகிறாள். "சுட வெக்க நல்லாருக்கு" என்பது அவளுடைய மதிப்பீடு. நான் எழுதித் தள்ளிய அறிக்கைகளில் இல்லாத உண்மை இதுதான்.

கல்யாணம் முடிந்து, சில வருஷங்களில் வீடும் கட்டி முடிந்தது. புதுமனை புகுவிழா அன்று சரோஜா அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே அதே வடை.

"பிரசாதமாச்சே, தூக்கிப் போட மனசு வரல. பூஜை அலமாரியில வெச்சேன். இத்தன வருஷத்துல ஒரு எறும்புகூட கிட்ட வரல. திருஷ்டிக்கு இதவிட என்ன வேணும்? கயிறு கோக்க ஓட்டையும் ரெடியா இருக்கு."

சிவப்புக் கயிற்றில் கோத்து, மகள் வீட்டு நிலைவாசலுக்கு உட்புறம் அன்று கட்டியது இன்றும் அப்படியே தொங்குகிறது. வாசலைக் கடக்கும்போதெல்லாம் சம்பந்தி நாக்கால் தன் கட்டின பல்லைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார். அந்த வீட்டில் நான் குழம்பில் உப்பைப் பற்றியோ, புது சோபாவைப் பற்றியோ கருத்துச் சொல்ல வாயைத் திறந்தால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. எல்லோரும் ஒன்றாக நிமிர்ந்து வாசலைப் பார்க்கிறார்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.